ஓவியம், வாசகர் கேள்வி: நிழல் நகர்வதற்குள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது 48. இரண்டு ஆண்டுகளாக வீட்டிலேயே வாட்டர்கலர் பழகி வருகிறேன். கோவையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் குளக்கரைகளிலும் கோவில் வீதிகளிலும் கூடி வரைகிற ஒரு குழுவினர் என்னையும் அழைத்தார்கள். ஆடி மாதத்தில் ஒருமுறை சென்றேன். வீட்டில் சீராகப் பரவும் வண்ணம் அங்கே திட்டுத்திட்டாக நின்றுவிட்டது. பின்னால் ஆட்கள் நின்று பார்த்ததில் கையும் ஓடவில்லை. இன்னும் கொஞ்சம் தேறிய பிறகு போகலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: தேறிய பிறகு போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். வெளியில் வரைவதற்கான தேர்ச்சி வெளியில் உட்கார்ந்தால்தான் வரும்.

வண்ணம் திட்டாக நின்றதற்குக் காரணம் உங்கள் கை அன்று, ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்த மாதங்களில் நம் பக்கம் வீசுகிற காற்று காகிதத்தின் ஈரத்தை உடனே உறிஞ்சிவிடுவதால், நீங்கள் பூசிய வானம் மறுகோடியை எட்டுவதற்கு முன்பே அதன் விளிம்பு காய்ந்துவிடுகிறது. காய்ந்த விளிம்பில் அடுத்த ஈரம் வந்து மோதுகிற இடமே திட்டாகிறது. ஆகவே அஞ்சலட்டை அளவில் தொடங்குங்கள். அந்த அளவுக்குப் பெரியது என்று தோன்றுகிற தூரிகையையே எடுங்கள். வானத்துக்கு வேண்டிய வண்ணம் முழுவதையும் முன்னதாகவே தட்டில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதியில் மீண்டும் கரைக்கத் தொடங்கினால் காற்று முந்திக்கொள்ளும். 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்திக் காகிதம் விலை கூடுதல்தான் என்றாலும் ஈரத்தை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நீங்களும் உங்கள் காகிதமும் நிழலில் இருக்க வேண்டும். வெயில் நேராக விழும் வெள்ளைத் தாள் கண்ணைக் கூசச் செய்வதால் நம்மை அறியாமல் வண்ணத்தை அடர்த்தியாகப் பூசிவிடுகிறோம்; வீட்டுக்குள் கொண்டுவந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும்.

அடுத்தது நிழல். சூரியன் வானில் ஒரு மணி நேரத்துக்கு 15 பாகை நகர்கிறது. காலை எட்டு மணிக்குக் கோபுரத்தின் இடப்புறத்தைத் தழுவியிருந்த நிழல், நீங்கள் பத்து மணிக்கு நிமிர்ந்து பார்க்கும்போது அங்கே இருக்காது. புதிதாக வருகிறவர்கள் நிழலைத் துரத்திக்கொண்டே போய், ஒரே படத்தில் இரண்டு மூன்று சூரியன்களை வைத்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடத்தில் நிழல்களின் எல்லையைப் பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு அது எங்கே நகர்ந்தாலும் குறித்த இடத்தை மாற்றாதீர்கள். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு நான்காம் வாரத்திலும் கோவையில் உச்சிவேளைச் சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்பதால், நிழல் காலடியில் சுருங்கி, சுவரும் தூணும் தட்டையாகத் தெரியும். அந்த நாட்களில் விடியற்காலையிலேயே வரைந்து முடித்துவிடுவது நல்லது.

ஆட்கள் பார்ப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நாமக்கல்லில் 1919-இல் பிறந்த ஓவியர் சில்பி, ஊர் ஊராகச் சென்று கோவில் சிற்பங்களின் முன் நேரில் அமர்ந்து ஆனந்த விகடனுக்கு வரைந்தவர். தரிசனத்துக்கு வருகிற கூட்டத்தின் நடுவில்தான் அந்த நுணுக்கமான கோடுகள் பிறந்தன. குழு உங்களுக்கு உதவப் போவது இங்கேதான். தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணைச் சுற்றி நிற்கிற கண்கள், எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்து வரைந்தால் எட்டுத் தாள்களுக்கும் பிரிந்துவிடும். மற்றவர்களைவிட அரை மணி நேரம் முன்னதாகச் சென்று, சுவரிலோ தூணிலோ முதுகைச் சாய்த்து அமருங்கள்; பின்னால் நிற்க இடமிருக்காது. யாராவது கேட்டால் தாளை மறைக்காமல் திருப்பிக் காட்டுங்கள். பவானி கூடுதுறைப் படியில் நான் வரைந்துகொண்டிருந்தபோது, துணி துவைக்க வந்த ஓர் அம்மா, "அந்தப் படி இன்னும் ரெண்டு கீழ போகுதுங்க, தண்ணி மூடியிருக்குது" என்றார். அவர் சொன்ன பிறகுதான் என் படத்தில் ஆற்றுக்கு ஆழம் வந்தது.

தோட்டத்துக்குள்ளோ களத்திலோ அமர்வதானால் உரிமையாளரைக் கேட்டுக்கொண்டு அமருங்கள். நம் பக்கத்தில் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் மோரும் கிடைக்கும்.

கேள்வி: கைபேசியில் படம் எடுத்து வந்து வீட்டில் நிதானமாக வரைந்தால் என்ன குறை? கண்ணபுரம் மாட்டுச் சந்தையை அப்படித்தான் வரைய எண்ணியிருக்கிறேன். (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: குறை உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-இல் தொடங்கி வைத்து, இன்று பல நாடுகளில் கிளைத்திருக்கிற அர்பன் ஸ்கெட்சர்ஸ் அமைப்பு, இடத்திலேயே இருந்து நேரில் பார்த்து வரைவதைத்தான் தன் முதல் விதியாக வைத்திருக்கிறது. கைபேசிப் படம் பளிச்சென்ற வெயிலில் நிழலை வெறும் கருப்பாக்கிவிடுகிறது. கண்ணோ அதே நிழலுக்குள் நீலத்தையும், செம்மண்ணிலிருந்து எதிரொளித்து மாட்டின் அடிவயிற்றில் ஏறுகிற செம்மையையும் பார்க்கிறது.

மாடு அசையும், வரைய முடியாது என்று அஞ்ச வேண்டாம். ஒரே தாளில் ஆறேழு மாடுகளைத் தொடங்குங்கள். ஒன்று திரும்பிக்கொண்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கட்டியிருக்கும் மாடு சற்று நேரத்தில் பழைய நிலைக்கே திரும்பும். அந்தச் சந்தைக்கு வரும் காங்கேயம் இனக் காளையின் திமிலிலும் கழுத்திலும் கருமை கூடி, உடலின் நடுப்பகுதி வெளுத்திருக்கும். அந்த வெளுப்புக்கு வெள்ளைச் சாயம் தேவையில்லை, தாளை அப்படியே விட்டுவிடுங்கள். கருமைக்கு அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பையும் கலந்தால் போதும், கடையில் வாங்கும் கருப்பைவிட உயிருள்ளதாக இருக்கும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து ஆறு மாத அளவில் சாம்பல் நிறத்துக்கு மாறும். ஆகவே தாயின் அருகில் சிவந்த கன்று நின்றால் வேறு இனமோ என்று ஐயப்படாமல், அதே பர்ன்ட் சியன்னாவை நீர் கூட்டிப் பூசுங்கள்.