தறியும் தங்கரேக்கும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

சோமனூர் பக்கம் ஒரு தறிக்குடோனில் மேலாளராக இருக்கிறேன். எங்களுடையவை ட்சுடகோமா ஏர்ஜெட் தறிகள், காற்றை ஊதி ஊடை நூலைச் செலுத்துபவை. பெயர்த் தகட்டில் 'கனாஸாவா, ஜப்பான்' என்றிருக்கும். போன மாதம் அந்த ஊரின் தங்கரேக்கு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் குழம்பிவிட்டேன். ரேக்கு அடிக்கிற ஊரில் தறி எப்படி வந்தது? இரண்டும் ஒரே ஊர்தானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே ஊர்தான். தறியை நான் எழுதாமல் விட்டது என் பிழை. கனாஸாவா என்றாலே தோட்டம், தேநீர், தங்கம் என்று எழுதிப் பழகிவிட்டோம்.

1583இல் மயேதா தோஷியே என்ற பிரபு கனாஸாவா கோட்டைக்குள் நுழைந்தார். பின்னர் அவர் வம்சத்தின் ஆட்சிப்பகுதிக்குப் 'பத்து லட்சம் கொக்கு' என்று பெயர் வந்தது. ஒரு கொக்கு என்பது ஓர் ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அரிசி. அவ்வளவு வருமானம் வந்த ஊரில் கைவினைஞர்களுக்குக் குறைவிருக்குமா?

1871இல் பிரபுக்களின் ஆட்சிப்பகுதிகளை மெய்ஜி பேரரசரின் புதிய அரசு கலைத்தது. பிரபு போனார், சாமுராய்களின் மானியமும் பிறகு போனது. வேலை இல்லாத வாளோடு என்ன செய்வது? அந்தக் குடும்பங்களுக்குப் பிழைப்பு தேடித்தான் 1874இல் பட்டு நூற்பாலை தொடங்கினார்கள். தொமியோகாவில் அரசு நடத்திய ஆலையைப் பார்த்துவிட்டு வந்து, அதற்கான இயந்திரங்களைச் செய்தவர் ட்சுடா கிச்சினோசுகே என்ற தச்சர். அடுத்த ஆண்டே ஓயாமா கோயிலின் வாயிலையும் அவர் கட்டினார். அந்தக் கோயிலின் தெய்வம் யார் தெரியுமா? மயேதா தோஷியேதான். வாயிலோ மூன்றடுக்கு, மேல்தளத்தில் வண்ணக் கண்ணாடி. ஜப்பானின் பழைய சமயமான ஷிண்டோவின் கோயிலுக்கு இப்படியொரு வாசலா என்று இன்றைக்கும் கேட்கத் தோன்றும். எனக்கென்னவோ அந்த ஊரிலேயே மிகப் பிடித்த கட்டடம் அதுதான்.

அந்தத் தச்சரின் மகன் யோனேஜிரோ 1900இல் பட்டுக்கான விசைத்தறியைச் செய்துமுடித்தார். 1909இல் அதே குடும்பத்துக் கோமாஜிரோ தறிப் பட்டறை தொடங்கினார். ட்சுடா கோமாஜிரோ, ட்சுடகோமா. உங்கள் தகட்டில் இருக்கும் பெயர் இப்படித்தான் வந்தது.

அப்புறம் ஈரம். காற்று வறண்டால் நூல் என்ன பாடுபடுத்தும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் குடோனுக்குள் இயந்திரம் வைத்து உண்டாக்கும் ஈரம் அங்கே வானத்திலிருந்தே கிடைக்கிறது. ஜப்பான் கடலைத் தாண்டி வரும் குளிர்காற்று மழையும் பனியுமாகக் கொட்டும், குளிர்காலத்தில் இடியும் சேர்ந்துகொள்ளும். 'கட்டுச்சோற்றை மறந்தாலும் குடையை மறக்காதே' என்பது அந்த ஊர்ப் பேச்சு. ஹபுத்தாயே என்ற மெல்லிய பட்டு அந்தப் பகுதியில் செழித்ததற்கு இந்த ஈரமும் ஒரு காரணம்.

ரேக்குக்கும் அதே கதைதான். மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்கு அடித்த தங்கம், காற்று வறண்டு மின்னேற்றம் உண்டானால் எதிலாவது ஒட்டிக்கொண்டு கிழிந்துபோகும். அடிக்கும்போது இடையில் வைக்கும் காகிதத்தை வைக்கோல் சாம்பல் நீர், பர்சிமன் காயின் துவர்ச்சாறு, முட்டை இவற்றில் ஊறவைத்துப் பதப்படுத்துகிறார்கள். ரேக்கின் தரம் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. ஜப்பானின் தங்கரேக்கில் ஏறக்குறைய முழுவதும் இந்த ஒரே ஊரிலிருந்து போகிறது.

ஊரின் பழைய தெருக்கள் மிஞ்சியதற்குக் காரணம் எளிது: போரில் அங்கே குண்டு விழவில்லை. 2015இல் டோக்கியோவிலிருந்து ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் வந்தபின் ஓமிச்சோ சந்தையில் மீன் வாங்க வந்தவர்களைவிடப் படம் எடுக்க வந்தவர்கள் அதிகம் என்று சலித்துக்கொள்கிறார்கள். சோற்றின்மேல் மீன் வைத்த சுஷித் தட்டுகள் உணவகங்களில் ஓடும் பட்டைமேல் சுற்றிவருமே, அந்தப் பட்டைகளிலும் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது. நூலை ஓட்டிய ஊர் சோற்றையும் ஓட்டுகிறது, போங்கள்.

எப்போதாவது அங்கே போக வாய்த்தால் பொழுது சாய்ந்தபின் ஓயாமா கோயிலுக்குப் போங்கள். தச்சர் வைத்த வண்ணக் கண்ணாடிக்குப் பின்னால் அப்போது விளக்கு எரியும். குடை எடுத்துக்கொள்ளுங்கள்.