'அடுத்த வாரம்' என்றே இரண்டரை வருடம்

கேள்வி: அட்டைப்பெட்டி செய்யும் சிறு பட்டறை நடத்துகிறேன். உத்யம் பதிவு (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) பழையது. 60 நாள் கடன் பேசி ஒரு கம்பெனிக்குச் சரக்கு அனுப்பி இரண்டரை வருடமாகிறது. மூன்று பில் பாக்கி. நடுவில் கொடுத்த செக்கும் திரும்பி ஆறு மாதமாகிறது. கேட்டால் 'அடுத்த வாரம்' என்கிறார்கள். நோட்டீஸ் விட்டால் ஆர்டர் போய்விடுமோ என்று பயம்.

பதில்: செக் விஷயத்தில் தாமதித்துவிட்டீர்கள். வங்கியின் ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போயிருந்தால்தான் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில், அதாவது செக் திரும்பியதற்கான வழக்கு, போட முடியும். செக்கின் ஆயுள் மூன்று மாதம் என்பதால் மறுபடி வங்கியில் போடவும் வழியில்லை. ஆனாலும் கிழித்துப் போடாதீர்கள். மெமோவோடு சேர்த்துப் பின் குத்தி வையுங்கள், கடனுக்கு அது சாட்சி.

உங்களுக்கு அதைவிட அவசரம் ஒன்று இருக்கிறது. பாக்கிக்குச் சிவில் வழக்குப் போட மூன்று வருடம்தான் அவகாசம், கடன் கெடு முடிந்த நாளிலிருந்து ஒவ்வொரு பில்லுக்கும் தனியாக. போனில் சொல்லும் 'அடுத்த வாரம்' அந்த மூன்று வருடக் கெடுவை ஒரு நாள்கூட நீட்டாது. எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால் நீட்டும். அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம். அதுவும் பழைய கெடு முடிவதற்குள் வாங்க வேண்டும். ஆகவே மூன்று பில் எண், தேதி, தொகை எழுதி, 'இன்ன தேதியில் இவ்வளவு பாக்கி சரி' என்று சீலோடு கையெழுத்து வாங்குங்கள். வருடக் கணக்குக்குப் பாக்கி உறுதிக் கடிதம் கேட்பது சகஜம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

தரவில்லையா, நோட்டீஸ்தான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. நீங்களே 60 நாள் ஒப்புக்கொண்டிருந்தாலும் அது 45 நாளுக்கு மேல் விடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியான வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. இந்தச் சட்டத்தின்படி இப்படிப்பட்ட பாக்கிகளைத் தீர்த்துவைக்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்கு இணையத்திலேயே மனுப் போடலாம். அதன் தீர்ப்பை எதிர்த்து அந்தக் கம்பெனி கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் வாதாட முடியும். இதை நோட்டீஸில் படித்ததும் பல கம்பெனிகள் பேச வந்துவிடும். சரக்கு அனுப்பிய நாளுக்கு முந்தையதுதானா உங்கள் உத்யம் பதிவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பிந்தையது என்றால் எதிர்வக்கீல் முதலில் அதைத்தான் பிடிப்பார்.

ஆர்டர் போகுமா என்பது நீங்கள் போட வேண்டிய கணக்கு. வக்கீலிடம் போகும்போது பர்ச்சேஸ் ஆர்டர், பில், டெலிவரி சலான் மூன்றையும் எடுத்துப் போங்கள். சலானில் வாட்ச்மேன் கிறுக்கல் மட்டும் இருந்தால், அந்த பில்லுக்கு அவர்கள் ஜிஎஸ்டி வரவு (பில்லில் உள்ள வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் 'சரக்கே வரவில்லை' என்று சொல்லத் தயங்குவார்கள்.