ஐ.சி.யூ. நர்ஸ்களுக்குத் தொற்றுத் தடுப்பு பற்றி ஒன்றுமே தெரியாதா?

உங்கள் வீட்டில் யாரோ ஐ.சி.யூ.வில் இருக்கிறார்கள், "உள்ளே வந்தபின் இன்ஃபெக்‌ஷன் ஆகிவிட்டது" என்று டாக்டர் சொல்லியிருப்பார், அந்தக் கோபத்தில் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோபம் நியாயம்தான். ஆனால் 'தெரியாதா' என்ற சொல் என்னைக் குத்திவிட்டது. பதினோரு வருஷமாக ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறேன்.

தெரியும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கை சுத்தத்துக்கான 5 தருணங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) என்றால் 20 முதல் 30 விநாடி, சோப்பு தண்ணீர் என்றால் 40 முதல் 60 விநாடி. வென்டிலேட்டரில் இருப்பவருக்குத் தலைமாடு 30 டிகிரிக்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும், யூரின் பேக் தரையில் படக் கூடாது, எல்லாம் தெரியும்.

ஒரு நைட் டியூட்டி. வென்டிலேட்டர் பேஷன்ட் ஒருவருக்கு ஒரு நர்ஸ் என்றுதான் படித்தோம், அன்று என் கையில் மூன்று பேர். மூன்றாம் பெட் பெரியவரின் யூரின் பேக்கைக் காலி செய்துகொண்டிருந்தபோது நான்காம் பெட் அம்மாவுக்குச் சளி அடைத்து, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 80 சதவீதத்துக்குக் கீழே போய் அலாரம் அடித்தது. ஓடிப்போய் சளியை உறிஞ்சி எடுக்க சக்‌ஷன் போட்டேன். அவருக்கு மூச்சு சீரான பிறகுதான் பார்க்கிறேன், கையில் அதே கிளவுஸ்.

நான்கு நாள் கழித்து அந்த அம்மாவின் சளியைக் கல்ச்சர் டெஸ்ட் செய்ததில் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. பெரியவரின் யூரினில் முன்பே வந்திருந்த அதே கிருமி. என்னால்தான் என்று நிரூபிக்க முடியாது, என்னால் இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. அந்த அம்மா பிழைத்துவிட்டார், ஆனால் வென்டிலேட்டர் டியூபை எடுக்க மேலும் பத்து நாள் ஆனது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கிளவுஸ் மாட்டியிருந்தால் கை சுத்தமாக இருப்பதாக மனசு நம்பிவிடுகிறது, ஆபத்து அங்கேதான்.

எல்லா ஆஸ்பத்திரியும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. சக நர்ஸ்களைக் காட்டிக்கொடுக்கிறேன் என்றும் யாரும் சண்டைக்கு வர வேண்டாம், என் தவறைத்தான் எழுதியிருக்கிறேன். ஒன்று மட்டும் ஆறவே இல்லை: ஆடிட் என்று பேப்பரோடு வந்து நிற்பவர் நாங்கள் கை சுத்தம் செய்கிறோமா என்று மட்டும்தான் எண்ணுவார், ஒரே ஸ்டெத்தைத் துடைக்காமல் ஆறு பேர் நெஞ்சில் வைத்துவிட்டுப் போகும் பெரிய டாக்டரை எண்ண மாட்டார். ஹேண்ட் ரப் தீர்ந்து, வேண்டும் என்று இன்டென்ட் எழுதிப் போட்டால் "போன வாரம்தானே கொடுத்தோம்" என்பார்கள், இன்ஸ்பெக்‌ஷன் வாரத்தில் மட்டும் பெட்டுக்கு ஒரு பாட்டில் வந்துவிடும்.

சரி, நாளை பார்க்கப் போகும்போது பெட் பக்கத்தில் பாட்டில் இருக்கிறதா, அதை அழுத்தினால் ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். அங்கே இருக்கும் சிஸ்டரிடம் இந்த ஷிஃப்டில் அவருக்கு எத்தனை பேஷன்ட் என்று கேளுங்கள், அப்புறம் அந்த எண்ணிக்கையை நிர்வாகத்திடம் போய்ச் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் எடுபடுவதில்லை.