மரை சிதைகிறதா? டிரைவை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

கேள்வி: கோவை கணபதியில் ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறோம். செகண்ட்ஹேண்டாக வாங்கிய ஃபானக் சிஎன்சி லேத்தில் மரை போடும்போது சில ஜாப்கள் சிதைந்து வருகின்றன. ஒரு சமயம் எஸ்பி9027 அலாரம், ஒரு சமயம் எஸ்பி9041, பல சமயம் அலாரமே இல்லை. ஆஃப் செய்து ஆன் செய்தால் ஓடுகிறது. சர்வீஸுக்கு வந்தவர் ஸ்பிண்டில் ஆம்ப்ளிஃபயர் (சக்கைச் சுழற்றும் மோட்டாரை ஓட்டும் டிரைவ்), என்கோடர் இரண்டுமே போய்விட்டது, ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். 9027 என்றால் போசிஷன் கோடர் சிக்னல் வரவில்லை என்று பொருள். அவர் என்கோடர் என்றது இதைத்தான்: ஸ்பிண்டில் சுற்றுவதைப் பல்ஸாக அனுப்பும் கருவி. 9041 என்றால் ஒரு சுற்றுக்கு ஒருமுறை வர வேண்டிய பல்ஸ் தப்பான இடத்தில் வருகிறது. இரண்டும் மாறி மாறி வந்து, ஆஃப்-ஆனில் சரியாகிறது என்றால் முதல் சந்தேகம் கனெக்டர் மீதும் கேபிள் மீதும்தான் வர வேண்டும். ஆம்ப்ளிஃபயர் கடைசியில்.

கோடரிலிருந்து வருவது எட்டு லைன்கள்: ஐந்து வோல்ட், ஜீரோ வோல்ட், ஏ, பி, இசட், பிறகு அந்த மூன்றுக்கும் எதிர்ச் சிக்னல்கள். ஏ, பி இரண்டும் சுற்றுக்கு 1024 பல்ஸ் தரும். கன்ட்ரோல் அதை 4096 ஆக எண்ணும். இசட் சுற்றுக்கு ஒரே ஒரு பல்ஸ்; மரையின் ஒவ்வொரு வெட்டும் அதைப் பார்த்துத்தான் தொடங்கும். ஆகவே வீணான ஜாப்பையே முதலில் பாருங்கள். ஒவ்வொரு வெட்டும் வேறு வேறு இடத்தில் விழுந்திருந்தால் இசட் லைன். தொடக்கம் சரியாக இருந்து போகப் போகப் பிட்ச் மாறினால் ஏ, பி லைன்கள்.

மெயினை அணைத்து, ஆம்ப்ளிஃபயரில் சார்ஜ் விளக்கு முழுதாக அணையும்வரை காத்திருங்கள். கோடர் பக்கத்து வட்டக் கனெக்டரைக் கழற்றினால் பாதிக் கதை அங்கேயே தெரியும்: கூலன்ட் ஈரம், பச்சை பிடித்த பின் (கனெக்டர் ஊசி), உள்ளே தள்ளப்பட்டுப்போன ஊசி. கான்டாக்ட் கிளீனர் போட்டுத் துடைத்து உலர விடுங்கள். எமரி தாள் போட்டுத் தேய்த்தால் முலாம் போய், அடுத்த மழைக்காலத்தில் இதைவிட மோசமாகும்.

பிறகு ஆம்ப்ளிஃபயர் பக்கம். ஆல்ஃபா ஐ, பீட்டா ஐ வகை என்றால் ஜேஒய்ஏ3 சாக்கெட், அதையும் கழற்றுங்கள். ஒரு முனையில் இரண்டு கோர்களை (கேபிளுக்குள் இருக்கும் தனித்தனி ஒயர்களை)ச் சேர்த்து, மறுமுனையில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். ஏழு மீட்டர் கேபிளுக்கு 2 ஓமுக்குள் நிற்க வேண்டும். நாலு, ஐந்து காட்டினாலோ, கேபிளை ஆட்டும்போது எண் துள்ளினாலோ கோளாறு அங்கேதான். பீப் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். பாதி அறுந்த இழைக்கும் மீட்டர் பீப் கொடுக்கும். கோருக்குக் கோர், கோருக்கு ஷீல்டு (கோர்களைச் சுற்றிய உலோக உறை) ஷார்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு முனையும் கழற்றாமல் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் உயர் வோல்ட் மீட்டர்) வைக்கவே கூடாது. 500 வோல்ட் போனால் நல்ல கோடரும் செத்துவிடும். அதன்பின் சர்வீஸ்காரர் சொன்னது நிஜமாகிவிடும்.

எல்லாம் மாட்டி ஆன் செய்து, கோடர் முனையில் ஐந்து வோல்ட்டை அளந்து பாருங்கள். 4.75-க்குக் கீழே இறங்கினால் சப்ளை லைனில் எங்கோ இழப்பு. ஸ்பிண்டிலைக் கையால் மெல்லச் சுற்றினால் ஏ மேலே போகும்போது அதன் எதிர்ச் சிக்னல் கீழே வர வேண்டும். இரண்டில் ஒன்று அசையாமல் நின்றால் அந்தக் கோர் போச்சு. இசட் பல்ஸ் மீட்டரில் சிக்காது, அதற்கு ஆஸிலோஸ்கோப் வேண்டும்.

அலாரமே வராமல் மரை சிதைகிறது என்றீர்களே, அது ஒயராக இல்லாமலும் இருக்கலாம். கோடர் பெரும்பாலும் டைமிங் பெல்ட்டில் 1:1 ஆக ஓடுகிறது. பெல்ட் ஒரு பல் தாண்டினாலோ, புல்லியின் கிரப் ஸ்க்ரூ தளர்ந்தாலோ கன்ட்ரோலுக்குத் தெரியவே தெரியாது. கோடர் ஒழுங்காகத்தான் பல்ஸ் அனுப்பிக்கொண்டிருக்கும். சக்கிலும் ஹெட்ஸ்டாக்கிலும் நேருக்கு நேர் கோடு போடுங்கள். பாராமீட்டர் 3117-இன் பிட் 1-ஐ (வலக்கோடியில் இருப்பது பிட் 0) 1 ஆக்கினால், டயக்னாசிஸ் திரையில் 445-இல் 0 முதல் 4095 வரை ஸ்பிண்டில் நிலை வரும். கோடுகளை நேர்ப்படுத்தி எண்ணைக் குறியுங்கள். மரை சிதைந்ததும் மறுபடி நேர்ப்படுத்திப் பாருங்கள். கை நடுக்கத்துக்குப் பத்து, பதினைந்து வித்தியாசம் இருக்கலாம். 40 பல் புல்லியில் ஒரு பல் தாண்டினால் சுமார் 102 மாறியிருக்கும். இப்போது ஆஃப்-ஆன் செய்து, ஸ்பிண்டிலை இரண்டு மூன்று சுற்று ஓட்டி, கோட்டுக்குக் கொண்டு வாருங்கள். பழைய எண் திரும்பினால் மின்சாரக் கோளாறு. புது எண்ணே நின்றால் பெல்ட் அல்லது புல்லி. அதற்கு ஆம்ப்ளிஃபயர் மாற்றி என்ன பயன்?

இந்தச் சோதனைகளுக்கு அரை நாள் போதும். ஆனால் செகண்ட்ஹேண்ட் மெஷினை விற்கும் புரோக்கர்கள் பெரும்பாலும் எலக்ட்ரிகல் டிராயிங்கைத் தருவதில்லை. கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்பார்கள், கம்பெனி சீரியல் நம்பர் உங்கள் பெயரில் இல்லை என்று கையை விரிக்கும். பட்டறைக்காரர் ஒரு தாள் இல்லாமல் எட்டு ஒயரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். இந்த இருட்டில்தான் இடைத்தரகர்கள் பிழைக்கிறார்கள்.

அவர்களிடம் மூன்று விஷயத்தில் கறாராக இருங்கள். பாராமீட்டரை மாற்றி அலாரத்தை நிறுத்தித் தருகிறேன் என்பவரை உள்ளே விடாதீர்கள். சிக்னல் அறுந்தது தெரியாமல் மெஷின் ஓடினால் டூல் ஜாப்பில் மோதும். 1024 பல்ஸ் என்று மட்டும் பார்த்து என்கோடர் வாங்காதீர்கள். 24 வோல்ட் வகை மலிவாகக் கிடைக்கும், உங்களுக்கு வேண்டியது 5 வோல்ட் லைன் டிரைவர் (சிக்னலோடு எதிர்ச் சிக்னலும் தரும் வகை). மூன்றாவது, லேன் கேபிளை நடுவில் முறுக்கி டேப் சுற்றும் வேலைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கேபிள் மாற்றினால் முனைக்கு முனை ஒரே துண்டு, ஜோடி ஜோடியாக முறுக்கிய ஷீல்டு கேபிள். ஸ்பிண்டில் மோட்டாரின் பவர் கேபிளிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி இழுங்கள். ஷீல்டை வாலாக முறுக்கிக் கட்டாமல், மேலுறையைச் சீவி, பேனல் எர்த் தகட்டில் கிளாம்ப் போட்டு அழுத்துங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆம்ப்ளிஃபயர்தான் என்று சர்வீஸ்காரர் சொன்னால், அதே மாடலை இரவலாக மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழையதை எக்ஸ்சேஞ்ச் என்று எடுத்துப்போக விடாதீர்கள்; நல்ல நிலையில் இருக்கும் அது அடுத்த பட்டறைக்கு விலைக்குப் போகும்.