பயோசிப் கருவி வாங்கப் போகிறீர்களா? கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் லேபுக்கு நாளுக்கு ஆறு ஹார்மோன் சாம்பிள்தான் வரும். ஒரே சிப்பில் 12 பரிசோதனை செய்யும் பயோசிப் கருவியை இலவசமாக வைக்கிறோம், கிட் (சிப்பும் அதற்கான ரசாயனங்களும்) மட்டும் எங்களிடமே வாங்குங்கள் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: கிட் விலையைச் சிப் எண்ணிக்கையால் வகுத்துத்தான் உங்களிடம் கணக்குக் காட்டியிருப்பார்கள். அது உங்களுக்குப் பொருந்தாது. கிட்டில் 54 சிப், ஒவ்வொரு ரன்னிலும் (கருவியை ஒரு முறை ஓட்டுவது) கேலிப்ரேஷனுக்கு, அதாவது அளவு தெரிந்த கரைசலால் கருவியைச் சரிப்படுத்த 9, கன்ட்ரோலுக்கு, அதாவது முடிவு சரியாக வருகிறதா என்று பார்க்க 3 என்று வையுங்கள். முழுக் கிட்டையும் ஒரே ரன்னில் போட்டால் நோயாளிகளுக்கு 42 சிப் மிஞ்சும். தினமும் ஆறு சாம்பிளுக்கென்று 18 சிப்பாகப் போட்டால் மூன்றே நாளில் கிட் காலி. கையில் இருப்பது 18 ரிப்போர்ட். அடக்கவிலை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். ஒரு கேலிப்ரேஷன் எத்தனை நாள் செல்லும் என்பதை முதலில் எழுத்தில் வாங்குங்கள். கேலிப்ரேஷனைத் தினமும் போட்டே ஆக வேண்டும் என்றால், சீரத்தை (ரத்தத்தின் தெளிநீரை) பிரித்து உறையவைத்து ஏழு நாளுக்கு ஒரு ரன் போடும் வழி உண்டு. டாக்டர்கள் அதுவரை காத்திருப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டர் மூன்று பரிசோதனை மட்டும் எழுதினாலும் செலவாவது முழுச் சிப். ஒரே ஒரு ஹார்மோன் அளவு கருவி அளக்கும் எல்லையைத் தாண்டினாலும் சீரத்தை நீர்க்கவைத்து இன்னொரு சிப் போட வேண்டும். கன்ட்ரோலில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. 12 பரிசோதனைக்கும் சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்க (SD) எல்லை வைத்தால், எந்தக் கோளாறும் இல்லாமலே ஏதாவது ஒன்று எல்லைக்கு வெளியே விழும் வாய்ப்பு சுமார் 43 சதவீதம், அதுவும் கன்ட்ரோலின் ஒரே நிலையில். ஒன்று தவறினால் மற்ற 11 முடிவுகளை வெளியிடலாமா, எந்த விதிப்படி என்பதற்கு நிறுவனத்திடம் தெளிவான பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதில் திருப்தியாக இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் எடுக்க வேண்டாம். ஒரே கன்ட்ரோலை 5 நாள், நாளுக்கு 5 முறை ஓட்டுங்கள். 40 சாம்பிளை இப்போதைய முறையோடு ஒப்பிடுங்கள். இதற்கான கிட் செலவு அவர்களுடையது என்பதும், டெலிவரி அன்று காலாவதிக்கு எத்தனை மாதம் மீதி இருக்க வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

கேள்வி: புது கிட்டில் கருவி எடுக்கும் சிப் படம் மங்கலாக வருகிறது, சிப்பில் பரிசோதனைக்கு ஒன்றாக அச்சிட்ட புள்ளிகளில் சில கசிந்து பரவியிருக்கின்றன. மாற்றித் தரச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், ஆனால் முதலில் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாச் சிப்பிலும் அதே புள்ளி மட்டும் குறைந்தோ காணாமலோ இருந்தால் அச்சிட்டதில் கோளாறு இருக்கலாம். லாட் (தயாரிப்புத் தொகுதி) எண், மூலப்படம், ஃபிரிட்ஜ் வெப்பநிலைப் பதிவு மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். குறை சிப்புக்குச் சிப் இடம் மாறினால் தவறு பெரும்பாலும் மேசையில்தான். 2 முதல் 8 டிகிரியில் இருந்த பாக்கெட்டை எடுத்த கையோடு கிழித்தால் ஈரம் படிந்து புள்ளி பரவும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே பிரியுங்கள். மெல்லிய கோடாகக் கீறல் தெரிந்தால் பைப்பெட் முனை சிப்பைத் தொட்டிருக்கிறது, சிப் இருக்கும் குழியின் சுவரோரமாக விடுங்கள். பின்னணி முழுக்க வெளுத்திருந்தால் கழுவியது போதவில்லை. கழுவலுக்கு இடையில் சிப்பைக் காயவிட்டாலும் இதே கதிதான்.

கேள்வி: ஒரே துளி ரத்தத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒவ்வாமைகளைக் காட்டும் சிப் பரிசோதனை என்று விளம்பரம் வருகிறது. குழந்தைக்கு எடுக்கலாமா?

பதில்: முதலில் அது ஐஜிஇ (IgE, ஒவ்வாமையோடு தொடர்புள்ள எதிர்ப்புப் புரதம்) பரிசோதனையா என்று கேளுங்கள். ஐஜிஜி (IgG, வேறு வகை எதிர்ப்புப் புரதம்) என்றால் பணம் கட்ட வேண்டாம்; சாப்பிட்ட உணவுக்கு ஐஜிஜி உருவாவது இயல்பு, அதை வைத்து ஒவ்வாமையைச் சொல்ல முடியாது. ஐஜிஇ பாசிட்டிவ் என்பதும் உடல் அந்தப் பொருளை அடையாளம் கண்டிருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. குழந்தை தொந்தரவில்லாமல் சாப்பிட்டு வரும் உணவை அந்தக் காகிதத்தைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வாமை மருத்துவர் குழந்தையைப் பார்த்த பின் எழுதிக்கொடுத்தால் எடுங்கள்.