அங்கே 68, இங்கே வந்து சேரும்போது 97

கேள்வி: பக்கத்து நாட்டில் பெட்ரோல் கார்கள் எங்கள் நாட்டைவிட மலிவாகக் கிடைக்கின்றன. பழைய கார் ஒன்றை அங்கிருந்து இறக்குமதி செய்ய நினைக்கிறேன். இரண்டு கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று, 3 வருடம் ஓடிய சிறிய டர்போ எஞ்சின் கார். இங்கே அது 100 என்றால் அங்கே 68. மற்றது 6 வருடம் ஓடியது, டர்போ இல்லாத 1.5 லிட்டர் எஞ்சின். இங்கே 100 என்றால் அங்கே 60. சுங்க வரி 10 சதவீதம், மதிப்புக்கூட்டு வரி 15 சதவீதம். ஆக, 68க்கு வாங்கும் கார் வரியோடு 85தான் ஆகிறது, 15 மிச்சம். 7 வயதைத் தாண்டிய கார்களை எங்கள் நாட்டில் அனுமதிப்பதில்லை. சேமிப்பு முழுவதையும் போட்டு, மீதி 30 சதவீதத்துக்குத் தனிநபர் கடன் வாங்கலாம் என்று இருக்கிறேன். எந்தக் காரை வாங்கலாம்? நானே ஓட்டிக்கொண்டு வந்தால் ஏற்றிவரும் செலவு மிச்சமாகுமா?

பதில்: 10ஐயும் 15ஐயும் கூட்டி 25 என்று போட்டுவிட்டீர்கள். வரி அப்படி ஏறாது. முதலில் சுங்க வரி. பிறகு காரின் மதிப்பையும் சுங்க வரியையும் கூட்டி, அந்தத் தொகைக்கு மதிப்புக்கூட்டு வரி. வரிக்கும் வரி கட்டுகிறோம். அதோடு, பெரும்பாலான நாடுகளில் சுங்க மதிப்பு என்பது நீங்கள் விற்பவருக்குக் கொடுத்த விலை மட்டுமல்ல. ஏற்றிவரும் கூலியும் வழிக் காப்பீடும் அதில் சேரும்.

முதல் காரை வைத்து எழுதிப் பார்ப்போம். விலை 68. கூலியும் காப்பீடும் 4 என்று வைத்தால் 72. சுங்க வரி 7.2 சேர்ந்து 79.2. அதற்கு 15 சதவீதம் ஏறத்தாழ 11.9. ஆக 91. இன்னும் முடியவில்லை. நீங்கள் அங்கே போய்வரும் செலவு, காரைச் சோதிக்கும் மெக்கானிக் கூலி இரண்டும் சேர்த்து 2. இங்கே தகுதிச் சோதனை, பதிவு, நம்பர் பிளேட், விளக்கு மாற்றம் போன்றவற்றுக்கு 3. பணம் மாற்றும்போது வங்கி எடுத்துக்கொள்வது 1. மொத்தம் 97. உங்கள் 15 இப்போது 3 ஆகிவிட்டது. என் 4, 2, 3, 1 எல்லாம் உத்தேசம்தான். உங்கள் ஊர் நிலவரத்தை விசாரித்து அந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் எந்தச் செலவையும் விட்டுவிடாதீர்கள்.

அந்த 3கூட நிச்சயமில்லை. விலை பேசிய நாளுக்கும் பணம் அனுப்பும் நாளுக்கும் நடுவே நாணய மதிப்பு 3 சதவீதம் நகர்ந்தாலே 2 போய்விடும். பழைய கார் என்றால், சுங்கத் துறை உங்கள் ரசீதை ஒதுக்கிவிட்டுத் தன்னிடம் உள்ள விலைப் பட்டியலை எடுத்துக்கொள்வதும் பல நாடுகளில் உண்டு. ‘ரசீதில் பாதி விலை போட்டுத் தருகிறேன்’ என்று அங்குள்ள வியாபாரி சொன்னால், அந்த இடத்தைவிட்டு உடனே கிளம்புங்கள். பிடிபட்டால் அபராதம் கட்டப்போவதும் காரை இழக்கப்போவதும் நீங்கள்தான்.

சரி, எவ்வளவு மிஞ்சினால் இறங்கலாம்? என் அளவுகோல் 15. எல்லாம் சேர்த்து 85க்குள் முடிய வேண்டும். பேராசை என்று தோன்றலாம். ஆனால் உள்ளூரில் வாங்கினால் கிடைக்கும் சில வசதிகளை நீங்கள் விட்டுக்கொடுக்கிறீர்கள். தயாரிப்பாளரின் வாரண்டி பெரும்பாலும் எல்லை தாண்டி வராது. கோளாறு தெரிந்தால் விற்றவரைப் போய்ப் பிடிக்க முடியாது. நாளைக்கு நீங்கள் விற்கும்போது ‘வெளியிலிருந்து வந்த வண்டியா?’ என்று கேட்டு, வாங்குபவர் ஒரு தொகையைக் குறைப்பார். இவற்றுக்கெல்லாம் விலையாகத்தான் அந்த 15. இதைப் பின்னாலிருந்து போட்டால், முதல் காருக்கு அங்கே நீங்கள் தரக்கூடிய உச்ச விலை 58. விற்பவர் 68 சொல்கிறார். 10 குறைப்பாரா? குறைக்க மாட்டார். ஒருவேளை குறைத்தால், ஏன் குறைக்கிறார் என்று எனக்குச் சந்தேகம் வரும்.

எஞ்சின் விஷயத்திலும் அந்த டர்போ கார் எனக்குச் சரிப்படவில்லை. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. முதல் நாளிலிருந்து நீங்களே வைத்துப் பார்த்த டர்போ வேறு, முன்பின் தெரியாதவர் ஓட்டிய டர்போ வேறு. இன்றைய சிறிய டர்போ எஞ்சின்களில் பல, பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சுபவை. காற்று உள்ளே போகும் வால்வுகளைப் பெட்ரோல் கழுவாததால் காலப்போக்கில் அங்கே கரி படியும். சிலவற்றில், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடும். வேறு ரக ஆயில் ஊற்றியிருந்தாலோ, ஆயில் மாற்றாமல் நாள் கடத்தியிருந்தாலோ அந்த பெல்ட் உதிர்ந்து, துகள்கள் ஆயில் பம்ப்புக்குப் போகும் வலையை அடைத்துவிடும். வெளியே பளபளப்பாகத்தான் இருக்கும். அந்த ஒரு ரிப்பேர் உங்கள் 3ஐப் பல மடங்காகத் திருப்பி வாங்கிவிடும்.

இரண்டாவது காருக்கு வருவோம். விலை குறைந்த கார் என்பதால் உங்களுக்கு அது பாதுகாப்பாகத் தெரிந்திருக்கும். ஆனால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இங்கேதான் பொருந்தும். லாரிக்காரர் மலிவுக் காருக்கென்று கூலியைக் குறைக்க மாட்டார். அதனால் இதன் விலையோடு ஒப்பிட்டால் கூலியும் காப்பீடும் 5, மற்ற செலவுகள் 7 என்று வைக்க வேண்டும். 60ம் 5ம் 65. சுங்க வரி 6.5, மதிப்புக்கூட்டு வரி 10.7, அதோடு 7. மொத்தம் 89. மிச்சம் 11. என் 15க்கு இது போதாது. ஆனால் பேரம் பேசக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது. 56க்கு முடிந்தால் மொத்தம் 84க்குச் சற்று மேலே வரும். அந்த விலைக்கு வாங்கலாம். 57 என்றால் உங்கள் விருப்பம். அதற்கு மேல் வேண்டாம்.

அதற்கு முன் வயதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ‘6 வருடம்’ என்கிறீர்களே, எந்தத் தேதியிலிருந்து? சில நாடுகள் முதல் பதிவுத் தேதியிலிருந்து எண்ணும், சில தயாரித்த மாதத்திலிருந்து. ஷோரூமில் 10 மாதம் விற்காமல் கிடந்த கார், பதிவுப் புத்தகத்தில் 6 வயது, சுங்க அதிகாரி கணக்கில் ஏறத்தாழ 7. வழியில் இரண்டு மாதம் தாமதமானால் எல்லையிலேயே நின்றுவிடும். எந்தத் தேதி செல்லும் என்பதைச் சுங்க அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தரகர் வாய்மொழியாகச் சொல்வது அங்கே எடுபடாது.

அதே பெயர், அதே உருவம் என்பதால் இங்கே விற்ற காரும் அங்கே விற்ற காரும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். எஞ்சினோ கியர்பாக்ஸோ வேறாக இருக்கலாம். சேசிஸ் எண்ணை வாங்கி, இங்குள்ள உதிரிபாகக் கடையில் கொடுத்து, பிரேக் பேட், வாட்டர் பம்ப், முன் விளக்கு மூன்றும் கிடைக்குமா என்று கேளுங்கள். அதே எண்ணைக் காட்டி இன்சூரன்ஸ் பிரீமியமும் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால், சொன்னதைக் கட்டுவதைத் தவிர வழியில்லை. பெட்ரோலையும் பாருங்கள். அந்த எஞ்சினுக்கு 95 ஆக்டேன் (பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு) வேண்டும், இங்கே பங்க்கில் 91தான் என்றால் இழுவையும் மைலேஜும் குறையும். ஆக்டேன் எண்களை ஒப்பிடும்போது அளவுமுறை ஒன்றா என்றும் கவனியுங்கள்; வட அமெரிக்க பங்க்குகளில் 87 என்று எழுதியிருப்பது மற்ற பல நாடுகளின் 91க்கு ஏறத்தாழ சமம்.

காரைப் பார்க்க நீங்கள் போவதைவிட, விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக் போவது முக்கியம். எஞ்சின் ஆறிய நிலையில் அவர் முன்னால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கும்போது பிழை எதுவும் இல்லை என்பது மட்டும் போதாது. கார் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் சுயசோதனைகள் ‘முடியவில்லை’ என்று காட்டினால், பிழைகளைச் சற்று முன்புதான் யாரோ அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓடோமீட்டர் 30,000 கி.மீ. காட்டும் காரில் நான்கு டயரும் காரைவிட இளையவையாக இருந்தால், காரணம் கேளுங்கள்; ஓடிய தூரத்தைக் குறைத்துக் காட்டியிருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவி மெருகேற்றுபவர்கள் அந்த உள்பகுதியை மறந்துவிடுவார்கள், சேறு படிந்த கோடு அப்படியே இருக்கும். சேசிஸ் எண் சர்வதேச முறைப்படி 17 எழுத்து. அதில் ஆங்கில ஐ, ஓ, கியூ மூன்றும் வரவே வராது. வந்திருந்தால் அந்தத் தகட்டில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். தயாரிப்பாளர் திரும்ப அழைத்த கார்களின் பட்டியலிலும் அந்த எண்ணைத் தேடுங்கள். டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பழுதான ஏர்பேக் விவகாரத்தில் கோடிக்கணக்கான கார்கள் அழைக்கப்பட்டும், மாற்றாமலே கைமாறியவை உண்டு.

காகிதங்களில் நான் பட்ட அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் இதேபோல ஒரு கார் வாங்கினேன். அந்த நாட்டில் பதிவை ரத்து செய்த சான்றிதழ் ‘பின்னால் வரும்’ என்றார் விற்றவர். ஐந்து வாரம் கழித்து வந்தது. அதுவரை கார் சுங்கக் கிடங்கில், நாள் வாடகையில். நான் மிச்சம் பிடித்ததாக வீட்டில் பெருமையடித்த தொகை முழுவதும் அந்த வாடகைக்குப் போனது. (பெருமையடித்ததை வீட்டில் இன்னும் மறக்கவில்லை.) அதனால் பதிவு ரத்துச் சான்றிதழ், கடன் பாக்கி இல்லை என்ற சான்று, விற்பவரின் அடையாள அட்டையில் உள்ள அதே பெயரில் ரசீது, இவை கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் நிதி ஆலோசகனே இல்லை. சேமிப்பு முழுவதையும் போடுவது எனக்குச் சம்மதமில்லை. இறக்குமதியில் பணம் ஒரே தடவையாகப் போகாது. காருக்குக் கொடுத்து முடித்த பிறகுதான் வரி கேட்பார்கள், அதற்குப் பிறகு பதிவு. நடுவில் கை காலியானால் கார் கிடங்கில் நிற்கும், வாடகை ஏறும். 6 மாதக் குடும்பச் செலவைத் தொடாமல் ஒதுக்குங்கள். மீதியில் வாங்க முடியாவிட்டால் இந்தக் கார் இப்போதைக்கு வேண்டாம். கடனிலும் ஒரு வித்தியாசம் உண்டு. இன்னும் எல்லைக்கு வராத காரை ஈடாக வைத்துக்கொள்ள வங்கிகள் தயங்குவதால்தான் தனிநபர் கடன் பக்கம் போகிறீர்கள். 30ஐ 14 சதவீத வட்டிக்கு வாங்கி 3 வருடத்தில் மாதத் தவணையாக அடைத்தால் வட்டி ஏறத்தாழ 7. உள்ளூர் காருக்கு 10 சதவீதத்தில் கார் கடன் கிடைத்தால் வட்டி 5க்குள். வித்தியாசம் 2. முதல் காரில் மிஞ்சிய 3லிருந்து இதையும் கழித்தால் 1. அதற்காகவா இவ்வளவு அலைச்சல்?

நீங்களே ஓட்டி வருவதைப் பற்றி. கூலி மிச்சமாகும், உண்மை. ஆனால் தற்காலிக நம்பர் பிளேட்டும், இரண்டு நாட்டுச் சாலைக்கும் செல்லுபடியாகும் காப்பீடும் வேண்டும். 6 வயதுக் காரை, அதன் குணம் தெரியாமல், முதல் பயணமே நெடுந்தூரம் என்று ஆரம்பிக்கிறீர்கள். நடுவழியில் ரேடியேட்டர் கசிந்தால், பாஷை தெரியாத ஊரில் முதல் மெக்கானிக் கேட்பதைக் கொடுப்பீர்கள். தூரம் ஒரு நாள் ஓட்டத்துக்குள் என்றால் மட்டும், பெல்ட், கூலன்ட், டயர் மூன்றையும் மெக்கானிக் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, ஓட்டி வாருங்கள். அதற்கு மேல் என்றால் லாரியில் ஏற்றிவிட்டு நீங்கள் பஸ்ஸில் வாருங்கள்.