தேங்காய், தென்னை மரம் பற்றிப் பலருக்கும் தெரியாத சுவாரசியமான விஷயங்கள் என்ன?

எனக்கு ஊர் பேராவூரணிப் பக்கம். தென்னந்தோப்புக்குள்தான் வளர்ந்தேன். அதனால் இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டு எழுதாமல் போக மனம் வரவில்லை.

நன்றாகக் காய்க்கிற ஒரு தென்னையின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டை புதிதாக விரியும். ஒவ்வொரு மட்டையின் கக்கத்திலும் ஒரு பாளை. பாளை வெடித்து, காய் முற்ற 12 மாதம் ஆகும். அதனால் உச்சியில் பாளை, அதற்குக் கீழே குரும்பை, அப்புறம் ஆறேழு மாத இளநீர், எல்லாவற்றுக்கும் அடியில் முற்றிய நெற்று என்று ஒரு முழு வருஷமே அந்த ஒரு மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். எங்கள் அப்பாயி கீழே நின்றபடியே, "அடியிலேர்ந்து மூணாவது குலை பொங்கலுக்கு ஆகும்டா" என்று சொல்லும். அப்படியே ஆகும்.

மட்டை விழுந்த இடத்தில் வளையம் மாதிரித் தழும்பு நிற்கும். அந்தத் தழும்புகளை எண்ணி மரத்தின் வயதைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். வேம்பு, புளி மாதிரி இதற்குப் பட்டை வளர்ந்து காயம் மூடாது. ஏறுவதற்கு என்று வெட்டிய படி, மரம் இருக்கும்வரை அப்படியே இருக்கும். தயவுசெய்து வெட்டாதீர்கள். தென்னைக்குக் கிளையும் கிடையாது, உச்சியில் இருக்கும் ஒற்றைக் குருத்துதான் உயிர். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்தால் நாங்கள் பதறுவது அதனால்தான்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் சாய்ந்துவிட்டது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. விழுந்த மரங்களின் இளநீரைத்தான் குடித்தோம். சாய்ந்த ஒரு மரத்தின் குருத்தைப் பிளந்து அப்பாயி எங்களுக்குக் கொடுத்தது. வெள்ளை வெளேரென்று, மொறுமொறுப்பாக, அவ்வளவு இனிப்பு. ஒரு மரம் செத்தால்தான் அந்த ருசி கிடைக்கும் என்பதால் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

அந்த மரங்களை அறுத்தபோதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். தென்னை வெளிப்பக்கம் இரும்பு மாதிரி இருக்கும், நடுவில் பஞ்சு மாதிரி மென்மை. ஓரத்துக் கட்டைதான் கூரைக்கு உத்திரமாக ஆகும்.

மட்டையை இரண்டாகக் கிழித்துக் குளத்தில் ஊறப்போட்டுக் கீற்று முடைவது, ஈர்க்கில் விளக்குமாறு கட்டுவது, நாரில் கயிறு திரிப்பது, குருத்தோலைத் தோரணம் இதெல்லாம் உங்களுக்கே தெரியும். மட்டையின் அடியில் வலை மாதிரி இருக்கும் பன்னாடை, கள் இறக்குபவர்களுக்கு வடிகட்டி. நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூளை ஒரு காலத்தில் குப்பையாக மலை மலையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். இன்று அதையே கட்டிகளாக அழுத்தி, மண்ணுக்குப் பதிலாகச் செடி வளர்க்க வெளிநாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

கொட்டாங்குச்சிக் கரியில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அழுக்கையும் வாடையையும் பிடித்துக்கொள்ளும். முதல் உலகப் போரில் நச்சுப் புகைக்கு எதிரான முகமூடிகளில் இந்தக் கரியைப் பயன்படுத்தினார்கள். இன்று பல வீடுகளில் தண்ணீர் வடிகட்டிக்குள் இருப்பதும் இதுதான்.

இளநீர் என்பது பிறக்கப்போகும் கன்றுக்கான உணவு. 1941-ல் வான் ஓவர்பீக் என்ற ஆய்வாளர், ஊமத்தையின் பிஞ்சுக் கருவை ஆய்வகத்தில் வளர்க்கத் தேங்காய்த் தண்ணீரைச் சேர்த்துப் பார்த்தார். கரு வளர்ந்தது. செடிகளின் செல்கள் பிரிந்து பெருகச் செய்யும் பொருள்கள் அதில் இருப்பதே காரணம். திசு வளர்ப்புக் கூடங்களில் இன்றும் தேங்காய்த் தண்ணீர் பயன்படுகிறது.

தேங்காயின் மூன்று கண்களில் ஒன்று மட்டும் மெத்தென்று இருக்கும். முளை வருவது அதன் வழியாகத்தான். உள்ளே வளரும் தேங்காய்ப் பூ, பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் கன்றுக்கு ஊட்டும். அந்தக் கன்றை நாங்கள் பிள்ளை என்றுதான் சொல்வோம். கஜாவுக்கு அடுத்த ஆடியில், விழுந்த மரங்களின் குழிக்குப் பக்கத்திலேயே நெட்டை ரகப் பிள்ளைகளை வைத்தோம். அது காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும். நாலைந்து மரங்களில் இப்போதுதான் முதல் பாளை எட்டிப் பார்க்கிறது.